முதலாம் குலோத்துங்கன்: 1070-இல் பிடித்த அரியணை எப்போது அவனுடையதானது?

பொன்னிநாடன் எழுதியது:

முதலாம் குலோத்துங்கன் என்று எங்கே பேச்செடுத்தாலும் இரண்டாவது வரியிலேயே "தனக்கு முன்னிருந்த சோழ அரசன் அதிராஜேந்திரனைக் கொன்றவன்தானே" என்று வந்துவிடுகிறது. அதைப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு பேச்சு முடிந்துபோவதுதான் எனக்கு வருத்தம். கொலையோ கலகமோ, ஒரு நாள் அரியணையில் ஏறி உட்கார அது போதும். அதற்குப் பிறகு ஏறத்தாழ 50 ஆண்டு அதில் இருந்து, மகன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போக எது போதுமானதாக இருந்தது? இந்த இழையில் அதைப் பேசலாம் என்று ஆசை.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். முதலாம் ராஜராஜனின் மகள் குந்தவை, வேங்கிச் (இன்றைய ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரிப் பகுதி) சாளுக்கியன் விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள் (வந்தியத்தேவனின் குந்தவை ராஜராஜனின் அக்கா, இவள் வேறு). இவள் மகன் ராஜராஜ நரேந்திரன் முதலாம் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்குத் தாத்தா பெயரையே வைத்து ராஜேந்திரன் என்றார்கள். அந்த ராஜேந்திரன்தான் பின்னால் குலோத்துங்கன். அவன் கட்டிக்கொண்டதும் தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை. ஆக, பாட்டி, அம்மா, மனைவி மூவருமே சோழ இளவரசிகள். ரத்தத்தைக் கணக்குப் போட்டால் சோழம்தான் கூட. ஆனால் அரியணைக்குத் தகப்பன் வழிதானே கணக்கு, அந்த வழியில் அவன் சந்திர குலத்து வேங்கிச் சாளுக்கியன்.

அந்தத் தகப்பன் வழிச் சொத்தாவது கையில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1061-இல் அப்பா இறந்ததும் சிற்றப்பன் ஏழாம் விஜயாதித்தன் வேங்கியைப் பிடித்துக்கொண்டான். அடுத்து சோழ அரியணையில் வந்த வீரராஜேந்திரனும், தன் அண்ணன் மருமகனான இவன் பக்கம் நிற்காமல் விஜயாதித்தனுக்கே ஆதரவு கொடுத்தான். இவன் போய் நின்ற இடம் சக்கரக்கோட்டம், வயிராகரம். இன்றைய கணக்கில் சத்தீஸ்கரின் பஸ்தரும் அதை ஒட்டிய மகாராஷ்டிரத்துக் காட்டுப் பகுதியும். அங்கே யானைக் கூட்டத்தைப் பிடித்ததை அவனுடைய ஆரம்ப கால மெய்க்கீர்த்தியே (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதி) பெருமையாகச் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், பிற்காலத்தில் சோழப் பேரரசன் ஆனவனின் இளமைக் காலச் சாதனையாகச் சொல்ல, இரு அரண்மனைகளுக்கும் வெளியே ஒரு காடுதான் இருந்தது.

1070-இல் வீரராஜேந்திரன் இறக்கிறான். மகன் அதிராஜேந்திரனுக்கு உள்ளூரிலேயே எதிர்ப்பு. அவன் தங்கையையோ அக்காளையோ கட்டிய மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்கு வந்து, அங்கிருந்து சோழத் தலைநகரான கங்கைகொண்டசோழபுரம் போய், மைத்துனனை அரியணையில் அமர்த்தி, ஒரு மாதம் தங்கிவிட்டுத் துங்கபத்திரைக் கரைக்குத் திரும்புகிறான். போய்ச் சேர்ந்த சில நாளிலேயே சேதி வருகிறது: மைத்துனன் இறந்துவிட்டான், வேங்கி ராஜிகன் அரியணையில் இருக்கிறான். ராஜிகன் என்பது நம் ஆள்தான்.

இப்போது அவன் நிலைமையைப் பாருங்கள். வடமேற்கே மைத்துனனை இழந்த ஆத்திரத்தில் விக்கிரமாதித்தன். வடக்கே சொந்த நாட்டில் சிற்றப்பன். தெற்கே தலை தூக்கும் பாண்டியர்கள், கடலுக்கு அப்பால் இலங்கையில் விஜயபாகு. காலடியில் கலகம் அடங்காத சோழநாடு. ஒரே நேரத்தில் நாலு பக்கமும் போருக்குப் போயிருந்தால் 5 வருடம் தாங்கியிருக்க மாட்டான். எதை இப்போது பிடிக்க வேண்டாம், எதை விட்டுக்கொடுக்கலாம், எதற்குக் காத்திருக்கலாம் என்று அவன் தெரிந்து வைத்திருந்தான், அதனால்தான் நின்றான் என்பது என் கட்சி.

வேங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். படை கையில் வந்ததும் எவனும் முதலில் செய்வது தன்னைத் துரத்தியவனைத் துரத்துவதுதான். இவன் சிற்றப்பனை அப்படியே விட்டு வைத்தான். விஜயாதித்தன் இறந்து, ஏறத்தாழ 1076-இல்தான் வேங்கிக்குத் தன் மகனை அனுப்புகிறான். அந்த இடத்தில் செல்லூர்ச் செப்பேடு என்ன சொல்கிறது தெரியுமா? குலோத்துங்கன் மகனிடம் பேசுவதாக வருகிறது: "நான் திக்விஜயம் செய்யும் விருப்பத்தால் வேங்கி ராஜ்ஜியத்தை என் சிற்றப்பனிடம் கொடுத்திருந்தேன், அவர் 15 ஆண்டு ஆண்டுவிட்டு விண்ணுலகம் போய்விட்டார்" என்கிற பொருளில். 1061-இல் பறிபோன நாடு 1076-இல் தானாகக் கொடுத்து வைத்த நாடாகிவிட்டது! 15 ஆண்டுக் கணக்கு மட்டும் அப்படியே சரியாக இருக்கிறது. சிற்றப்பனோடு பகையே இல்லை என்று ஊரறியச் சொன்னதால் வேங்கியில் அவன் ஆட்களாக இருந்தவர்கள் யாரும் பயப்பட வேண்டியதில்லை. எனக்கு இந்த ஒரு வரியில் அந்த மனிதனே தெரிகிறான்.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

---

கதிர்_மதுரை எழுதியது:

பொன்னி அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கொலையைத் தாண்டி இவ்வளவு சுலபமாக உங்களைப் போக விடமாட்டேன். விக்கிரமாதித்தன் முதுகு காட்டிய சில நாளில் அரசன் சாகிறான், வேங்கிக்காரன் கங்கைகொண்டசோழபுரத்தில் இருக்கிறான். அங்கே எப்படி அத்தனை சீக்கிரம் வந்தான்? வேங்கியிலிருந்து காவிரிக் கரைக்குப் படையோடு வர எத்தனை நாள் ஆகும்? முன்னாலேயே பக்கத்தில் வந்து காத்திருந்திருக்க வேண்டும். அல்லது உள்ளே ஆள் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் கலிங்கத்துப்பரணி. வீரராஜேந்திரனுக்குப் பிறகு நாடே நெறிகெட்டுக் கிடந்தது, வேள்வி குன்றியது, அபயன் (குலோத்துங்கன்தான்) வந்துதான் காத்தான் என்று பாடும் கவிஞர் அதிராஜேந்திரன் என்று ஒருவன் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அரசவைக் கவிஞர் ஒரு அரசனையே விழுங்கிவிட்டார் என்றால் அங்கே மறைக்க ஏதோ இருக்கிறது. குழந்தையாகப் பிறந்தபோதே கங்கைகொண்ட சோழனின் தேவி கையில் எடுத்து "இவன் நமக்கு மகனாகத் தக்கவன்" என்று மகிழ்ந்ததாக அதில் வருவதும் பின்னால் தேவைப்பட்டதற்காகச் செய்த ஒட்டு வேலை என்றுதான் படுகிறது.

இன்னொன்று, வைணவ மரபில் ராமானுசரைத் துன்புறுத்திய கிருமிகண்ட சோழன் என்று வருகிறதே, அது அதிராஜேந்திரன்தான், வைணவர்கள் கலகத்தில் அவன் இறந்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

நித்திலா எழுதியது:

கதிர், மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பில்ஹணர். அவர் காஷ்மீரத்துக் கவிஞர், விக்கிரமாதித்தனின் அவையில் இருந்தவர், தன் அரசனின் வரலாற்றை வடமொழியில் காவியமாகப் பாடியவர். ராஜிகன் மேல் சேற்றை வாரி இறைக்க அவரைவிடக் காரணம் உள்ளவர் வேறு யாரும் இல்லை. அவரே அதிராஜேந்திரன் தன் குடிகளின் கலகத்தில் உயிரிழந்தான் என்கிறார், அதன் பிறகு ராஜிகன் அரியணையைக் கவர்ந்தான் என்கிறார். "அவனே கொன்றான்" என்று நேராக எழுதவில்லை. எழுத ஒரு துரும்பு கிடைத்திருந்தாலும் விட்டிருப்பாரா? எதிராளியின் கவிஞர் சுமத்தாத பழியை நாம் 950 ஆண்டு கழித்துச் சுமத்த வேண்டுமென்றால் வேறு வலுவான சான்று வேண்டும்.

இரண்டு, பிரம்மதேசம் கல்வெட்டு. அதிராஜேந்திரனின் 3-ஆம் ஆட்சியாண்டு, 200-ஆம் நாள். அரசன் நோயிலிருந்து மீள வேண்டும் என்று கோயிலில் தேவாரம் ஓத ஏற்பாடு செய்த செய்தி அதில் இருக்கிறது. ஆக அரசன் நோய்ப் படுக்கையில் இருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. நோயிலேயே போனானா, கலகத்தில் போனானா என்பதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படுத்திருக்கும் அரசன், பக்கத்தில் படையோடு வெளிநாட்டு மைத்துனன் என்றால் ஊர் எப்படிக் கொதித்திருக்கும் என்று பாருங்கள். அந்த மைத்துனன் யார்? கொப்பத்திலும் கூடல்சங்கமத்திலும் சோழர்கள் யாரோடு போரிட்டார்களோ அந்த மேலைச் சாளுக்கிய அரசன் ஆகவமல்லனின் மகன். ராஜாதிராஜன் யானை மேலேயே உயிர் விட்ட கொப்பம் போர் நடந்து அப்போது 16 வருடம்தான் ஆகியிருந்தது. அவன் படை கங்கைகொண்டசோழபுரத்தில் ஒரு மாதம் முகாம் போட்டதை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியம் என்பேன். சோழர்கள் ஒருவர் விட்டு ஒருவர் பரகேசரி, ராஜகேசரி என்று பட்டம் சூடுவார்கள். வீரராஜேந்திரன் ராஜகேசரி. அதிராஜேந்திரன் பரகேசரி. குலோத்துங்கன்? ராஜகேசரி. அதிராஜேந்திரனை அரசனாகவே ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வீரராஜேந்திரனை அடுத்து இவன் பரகேசரி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கவிஞர் விழுங்கிய அரசனை கல்வெட்டு எழுதிய அலுவலகம் வரிசையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த எண்ணைப் போட்டிருக்கிறது. பரணி பாடப்பட்டது 1110 வாக்கில் நடந்த இரண்டாம் கலிங்கப் போருக்குப் பிறகு, அதாவது 40 ஆண்டு கழித்து. பட்டம் சூடியது 1070-இலேயே. எது சுடச்சுடச் சொன்னது என்று பார்த்தால் பட்டம்தான்.

கிருமிகண்டன் கதையை அதிராஜேந்திரன் மேல் ஏற்றுவதற்கும் குலோத்துங்கன் மேல் ஏற்றுவதற்கும் ஆள் இருக்கிறார்கள், இரண்டாம் குலோத்துங்கன் என்பவர்களும் உண்டு. அந்தக் கதைகள் எழுத்துக்கு வந்தது வெகு பின்னால். மன்னார்குடி விண்ணகரம் (திருமால் கோயில்) குலோத்துங்கன் பெயரைத் தாங்கி நின்றதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

---

கதிர்_மதுரை எழுதியது:

ராஜகேசரி வாதம் நல்ல வாதம் அக்கா, அதைத் தட்ட முடியாது. ஆனால் அது அவன் கொல்லவில்லை என்று காட்டாது. கொன்றவனும் வரிசையை ஒப்புக்கொள்ளலாம். "நான் முறைப்படி அடுத்தவன்" என்று காட்டிக்கொள்ள அதுதான் நல்ல வழி.

---

பொன்னிநாடன் எழுதியது:

கதிர், நீங்கள் சொல்லும் கடைசி வாக்கியம்தான் என் வாதமும். முறைப்படி அடுத்தவன் என்று காட்டிக்கொள்ள அவன் எடுத்த பாடு.

பரணி சொல்லும் குழப்பம் வெறும் கவிச்சுவை என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சைப் பகுதியில் ராஜமகேந்திர சதுர்வேதிமங்கலம் என்று ஓர் ஊர். குலோத்துங்கனின் 2-ஆம் ஆட்சியாண்டில் வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதித் தொகுப்புகளுக்குள் சண்டை மூண்டு ஊரையே கொளுத்தியிருக்கிறார்கள், கோயிலை இடித்து, திருமேனிகளையும் பண்டாரத்தையும் கொள்ளை அடித்திருக்கிறார்கள். அது எங்கோ எல்லையில் இல்லை, காவிரிப் படுகையின் நடு நெஞ்சில். அரசன் மாறும் நேரத்தில் ஊருக்குள் அடக்கி வைத்திருந்த பகையெல்லாம் வெடிக்கும், அது எந்தக் காலத்திலும் நடப்பதுதான். அந்த ஊர்ச் சபையார் சாம்பலுக்கு நடுவில் நின்றபோது அவர்களுக்குத் தேவைப்பட்டது ஊரை அடக்கும் ஒரு கை. அந்தக் கை சூரிய குலமா சந்திர குலமா என்று பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மெய்க்கீர்த்திக்கு வருகிறேன். ஆட்சியின் முதல் நான்கு ஆண்டுகளில் அவன் குலோத்துங்கன் இல்லை. ராஜகேசரி ராஜேந்திர சோழன். "திருமன்னி விளங்கும்" என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியில் தன் தோளும் வாளும் துணையாக வயிராகரம், சக்கரக்கோட்டம் என்று போகிறான். 5-ஆம் ஆண்டுக்கு வந்தால் குலோத்துங்க சோழன் என்று பெயர் மாறுகிறது, மெய்க்கீர்த்தியும் மாறுகிறது. "புகழ்சூழ்ந்த புணரி" என்று தொடங்குவதில் அரியணை ஏறிய கதையை எப்படிச் சொல்கிறார்கள் பாருங்கள். தென்திசைத் திருமகள் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்தாளாம், பொன்னியை ஆடையாக உடுத்த நிலமகள் தனிமையில் இருந்தாளாம். அந்தப் "பொதுமையும்" இந்தத் "தனிமையும்" தவிரும்படி இவன் மணிமுடியை "உரிமையில் சூடி" அமர்ந்தான். யாரிடமிருந்து எடுத்தான் என்ற பேச்சே இல்லை. ஆளில்லாமல் நின்ற நாட்டுக்கு ஆள் வந்தான், அவ்வளவுதான்.

முதல் நான்கு ஆண்டுகள் தாத்தாவின் பெயரைப் போட்டுக்கொண்டு ஓட்டியது எவ்வளவு நிதானம் என்று பாருங்கள். காவிரிக் கரையில் ராஜேந்திரன் என்ற பெயருக்கு இருந்த மதிப்பு வேறு எந்தப் பெயருக்கும் கிடையாது. ஊர்ச் சபையில் கல்வெட்டு வெட்டும்போது "ராஜேந்திர சோழ தேவர்க்கு யாண்டு 2" என்று போட்டால் ஏதோ வேற்று ஆள் வந்துவிட்டான் என்றே தோன்றாது. கால் ஊன்றிய பிறகுதான் புதுப் பெயர்.

இன்னொன்றும் இருக்கிறது. தெலுங்கு நாட்டுச் செப்பேடுகளில் அவன் குடும்பத்தார் சந்திர குலத்திலிருந்து வம்சாவளி சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கல்வெட்டில் அவன் சோழன், அவ்வளவே. இரண்டு வீட்டிலும் அந்தந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தான்.

---

கோட்டாற்றுச்செல்வன் எழுதியது:

தெற்கே நடந்ததைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ஊர் அதில் வருகிறது.

முதலாம் ராஜேந்திரன் காலத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு "சோழ பாண்டியன்" என்ற பட்டத்தோடு சோழ இளவரசர்களை அனுப்பி ஆள்வதுதான் வழக்கம். மதுரையில் மாளிகை கட்டி, முடி சூட்டி அனுப்புவார்கள். வீரராஜேந்திரனும் தன் மகன் ஒருவனுக்கு அந்தப் பட்டம் கொடுத்திருக்கிறான். 1070 குழப்பத்தில் அதெல்லாம் உதிர்ந்து போய், பாண்டியர்கள் மறுபடி எழுந்தார்கள். குலோத்துங்கன் உடனே தெற்கே ஓடி வரவில்லை. வடக்கே விக்கிரமாதித்தன் விவகாரம் ஒரு வழிக்கு வந்த பிறகு, 1081-ஐ ஒட்டித்தான் பாண்டிய நாட்டுப் போர் முடிகிறது. பாண்டியர் ஐவரை வென்றான், முத்துச்சலாபம், பொதியில், சையம், கன்னி என்று எல்லை சொல்லும் மெய்க்கீர்த்தி. காந்தளூர்ச் சாலை, விழிஞம், கோட்டாறு (இன்றைய நாகர்கோவில்) எல்லாம் அந்தப் போரில் அடிபட்டவை.

சரி, ஜெயித்த பிறகு என்ன செய்தான்? பழையபடி ஒரு சோழ பாண்டியனை மதுரையில் உட்கார வைக்கவில்லை. "கோட்டாறு உட்பட நெறிதொறும் நிலைகளிட்டு" என்கிறது மெய்க்கீர்த்தி. நெறி என்றால் பெருவழி. பெருவழிகளை ஒட்டி நிலைப்படைகளை வைத்தான். கோட்டாற்று நிலைப்படை என்றே எங்கள் பக்கத்துக் கல்வெட்டுகளில் வருகிறது. ஊர் நிர்வாகத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை. வழி நம் கையில், ஊர் உங்கள் கையில் என்ற மாதிரி ஏற்பாடு.

இதில் நான் பார்ப்பது என்னவென்றால், சோழ பாண்டியன் என்று ஒரு இளவரசனுக்கு முடி சூட்டிப் படையும் கொடுத்தால், நாளைக்கு அவனே இன்னொரு உரிமைக்காரனாக வந்து நிற்பான். தானே அப்படி ஓரத்திலிருந்து வந்து அரியணையில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா? நிலைப்படைத் தலைவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் சோழ முடிக்கு உரிமை கொண்டாட முடியாது.

---

கதிர்_மதுரை எழுதியது:

செல்வன் சொன்ன இந்தக் கோணம் நான் யோசிக்காதது. ஆனால் வேங்கிக்கு மட்டும் மகன்களையே அனுப்பினானே? அங்கே அந்தப் பயம் இல்லையா?

---

நித்திலா எழுதியது:

அனுப்பினான், ஆனால் ஒருவரையும் அங்கே வேர் விட விடவில்லை. முதலில் ராஜராஜ மும்முடிச் சோழன், 1076-இல் போனான். ஒரே வருடத்தில் திரும்பிவிட்டான். பெற்றோரின் பாதங்களுக்குப் பணி செய்யும் சுகத்துக்கு அரசாட்சி ஈடாகாது என்று வந்துவிட்டதாகச் செப்பேடு சொல்கிறது. பிறகு 1078-இல் வீரசோழன். 1084-இல் அவனைத் திருப்பி அழைத்துக்கொண்டு ராஜராஜ சோழகங்கனை அனுப்புகிறான். 1089-இல் மறுபடி வீரசோழன். கடைசியில் விக்கிரம சோழன். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. வேங்கி மக்களுக்குச் சாளுக்கிய ரத்தத்தில் ஒரு அரசன் கிடைத்தான், கங்கைகொண்டசோழபுரத்துக்கு அங்கே ஒரு போட்டியாளன் உருவாகவில்லை.

---

முல்லைமணி எழுதியது:

வணக்கம். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இலங்கையைப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை, எங்கட பக்கத்தையும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

விஜயபாகு தீவின் தெற்கே ருகுணைப் பக்கத்தில் இருந்து பல வருடமாகச் சோழரோடு மோதிக்கொண்டிருந்தவன். 1070-இல் சோழ நாட்டில் அரசன் மாறின குழப்பம் அவனுக்குக் கிடைத்த வாய்ப்பு. பொலன்னறுவையை எடுத்து, 1073 அளவில் தீவு முழுவதும் தன் முடியின் கீழ் கொண்டு வந்துவிட்டான். ராஜராஜன் காலத்தில் இருந்து 75 வருடத்துக்கு மேல் கையில் இருந்த நாடு குலோத்துங்கன் ஆட்சியின் முதல் மூன்று வருடத்திலேயே போய்விட்டது. பிறகும் அவன் அதை மீட்கப் பெரும் படையெடுப்பு ஒன்றும் நடத்தவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. விஜயபாகு கன்னட நாட்டு அரசனுக்கு, அதாவது விக்கிரமாதித்தனுக்கு, பரிசுகளோடு தூதர்களை அனுப்பினான். வழியில் சோழ நாட்டில் அவர்களின் மூக்கையும் காதையும் அறுத்துவிட்டார்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. விஜயபாகு கொதித்துப் போய்ச் சோழ நாட்டின் மேல் படையெடுக்க ஆயத்தம் செய்தான். அப்போது அவனிடம் இருந்த வேளைக்காரப் படை (தமிழர் கூலிப்படை) சோழருக்கு எதிராகப் போக மறுத்துக் கலகம் செய்து, பொலன்னறுவையில் அரண்மனையையே எரித்தது. விஜயபாகு அந்தக் கலகத்தைக் கடுமையாக அடக்கினான். பின்னாளில் அதே வேளைக்காரர்கள் புத்தரின் தந்தச் சின்னத்தின் கோயிலைக் காப்பதாக ஏற்றுக்கொண்டு பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் பொலன்னறுவையில் இருக்கிறது.

நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், இலங்கையை விட்டது அவனுடைய நிதானம் என்று பொன்னிநாடன் அண்ணா சொல்வதைப் பாதிதான் ஏற்கிறேன். விஜயபாகு பலமாக இருந்தான், குலோத்துங்கனால் முடியவில்லை, அதுவும் உண்மை. எங்கள் தீவில் நடந்ததை எல்லாம் சோழ அரசனின் விருப்பமாகவே எழுதினால் விஜயபாகுவின் முயற்சி எங்கே போகிறது?

---

பொன்னிநாடன் எழுதியது:

முல்லைமணி, முழுக்க நியாயம். விஜயபாகு வென்றான், அதில் இரண்டு பேச்சில்லை. என் அக்கறை தோற்ற பிறகு என்ன செய்தான் என்பதில். தோல்வியை ஏற்காத அரசர்கள் மீட்கிறேன் மீட்கிறேன் என்று படை மேல் படை அனுப்பிப் பண்டாரத்தைக் காலி செய்வார்கள். இவன் அந்த வலையில் விழவில்லை. நீங்கள் சொன்ன மூக்கறுத்த கதை இன்னொன்றையும் காட்டுகிறது. இலங்கையும் கன்னட நாடும் கை கோத்துவிட்டால் தன் கழுத்துக்குச் சுருக்கு என்று சோழ நாட்டில் பயந்திருக்கிறார்கள்.

அந்தக் கன்னடக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்கிரமாதித்தனுக்கு வீட்டிலேயே பகை: அண்ணன் இரண்டாம் சோமேசுவரன். குலோத்துங்கன் அந்த அண்ணனோடு சேர்ந்துகொண்டான். 1075-76-இல் போர். குலோத்துங்கனின் கல்வெட்டு, நங்கிலியிலிருந்து துங்கபத்திரை வரை விக்கலனை (விக்கிரமாதித்தனை) துரத்தினேன் என்கிறது. பில்ஹணர், ராஜிகன் ஓடிவிட்டான் என்கிறார். இருவரும் ஜெயித்ததாகச் சொல்லும் போரில் தோற்றவன் சோமேசுவரன் மட்டும்தான், அவன் சிறைக்குப் போனான், தம்பி 1076-இல் அரியணை ஏறினான். குலோத்துங்கனுக்கு அதனால் நாடு ஒன்றும் கூடவில்லை. ஆனால் மைத்துனனுக்குப் பழி வாங்கப் புறப்பட்டவன் காவிரிக் கரையை எட்டவே இல்லை. அது போதும் அவனுக்கு.

---

கதிர்_மதுரை எழுதியது:

அண்ணா, இப்படியே போனால் எல்லாத் தோல்வியும் தந்திரமாகிவிடும். இலங்கை போயிற்று. 1116-இல் தலைக்காட்டை ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் எடுத்துக்கொண்டு கங்கபாடி (இன்றைய தென் கர்நாடகம்) போயிற்று. கடைசியில் வேங்கியும் போயிற்று. முதலாம் ராஜேந்திரன் விட்டுப்போன பரப்போடு ஒப்பிட்டால் இவன் காலத்தில் சுருங்கியதுதான் மிச்சம். "நிலைநிறுத்தினான்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

---

நித்திலா எழுதியது:

பரப்பை வைத்துச் சொல்ல முடியாது, உள்நாட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

1086, அவனுடைய 16-ஆம் ஆட்சியாண்டு. நாடு முழுக்க நிலம் அளக்கிறார்கள். ஸ்ரீபாதக்கோல் என்று அரசனின் திருவடி அளவை வைத்துச் செய்த கோல். (அதே 1086-இல் இங்கிலாந்தில், போரில் முடி பறித்த வில்லியமும் நிலக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் தொடர்பு இல்லை, ஆனால் ஒரே மாதிரி அவசரம்தான்.) நிலம் அளப்பது என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? ஊர் ஊராக அதிகாரிகள் போகிறார்கள். சபையார் கூடுகிறார்கள். எந்த நிலம் யாருடையது, எது பிரம்மதேயம் (பிராமணருக்கு விட்டது), எது தேவதானம் (கோயிலுக்கு விட்டது), எது வரி கட்டுவது, எது விலக்கு என்று ஒவ்வொன்றையும் பழைய ஓலையோடு ஒப்பிட்டுப் புதிய கணக்கில் ஏற்றுகிறார்கள். பழைய அரசன் கொடுத்த தானம் இனி இந்த அரசனின் கணக்கில் இருந்தால்தான் செல்லும். அப்படி ஒவ்வொரு ஊரும் தன் சொத்துக்குப் புது அரசனின் எழுத்தை நம்பி நிற்கும் நிலைமை வந்த பிறகு, "அதிராஜேந்திரன் வழியில் யாராவது இருக்கிறார்களா" என்று கேட்பவன் தன் நிலத்துக் கணக்கையே கலைக்கக் கேட்கிறான் என்று ஆகிவிடும். 1110-இலும் ஒருமுறை அளந்திருக்கிறார்கள்.

அடுத்து சுங்கம். "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று மக்கள் அவனை நினைவு வைத்திருக்கிறார்கள். நிலத்துக் கணக்கைச் செம்மை செய்ததும் சுங்கத்தை விட்டதும் ஒன்றுக்கொன்று துணை என்றுதான் நான் நினைக்கிறேன். வணிகக் குழுக்கள் அவன் பக்கம் நிற்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குப் போயிருக்கிறது. 1090-இல், கடாரத்து (மலாய்க் கரை) அரசன் தூதர்களை அனுப்பிக் கேட்டுக்கொண்டதால், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக விட்ட ஊர்களுக்கு வரி விலக்குத் தருகிறான், சிறிய லெய்டன் செப்பேடு அதுதான். முதலாம் ராஜேந்திரன் கடாரத்தைப் படையோடு போய் அடித்தான், பேரன் அதே கடாரத்தோடு ஓலை பரிமாறுகிறான். வடக்கே விசாகப்பட்டினத்துக்குக் குலோத்துங்கசோழப்பட்டினம் என்றே பெயர் வந்தது.

இவ்வளவையும் பார்த்தால் என் கணக்கில் அரியணை அவனிடம் வந்தது 1070, அவனுடையதானது 1086.

---

பொன்னிநாடன் எழுதியது:

இழைத் தலைப்புக்கு விடையை நித்திலா கொடுத்துவிட்டார். 1086 என்பதை நானும் ஏற்கிறேன்.

கதிர் கேட்ட வேங்கி பாக்கி இருக்கிறது. 1118-இல் குலோத்துங்கன் கிழவன். 48 ஆண்டு ஆண்டுவிட்டான். வேங்கியில் மகன் விக்கிரம சோழன் இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் விக்கிரமாதித்தனும் கிழவன்தான், ஆனால் இன்னும் உயிரோடு இருக்கிறான், 1070-ஐ மறக்கவும் இல்லை. இந்த நேரத்தில் குலோத்துங்கன் மகனைத் தெற்கே வரவழைத்து இளவரசு முடி சூட்டுகிறான். விக்கிரம சோழனின் ஆட்சியாண்டு 1118-லிருந்துதான் எண்ணப்படுகிறது. அவன் சோழ நாடு ஆளப் போனதும் வேங்கி அரசனில்லாமல் நின்றது என்று பிட்டாபுரம் கல்வெட்டு சொல்கிறது. விக்கிரமாதித்தனின் தண்டநாயகன் அனந்தபாலன் உள்ளே வந்துவிட்டான்.

வேங்கியா, வாரிசா என்று வந்தபோது பிறந்த நாட்டையே விட்டுவிட்டு வாரிசை எடுத்திருக்கிறான். வீரராஜேந்திரன் இறந்த அன்று கங்கைகொண்டசோழபுரம் எப்படி இருந்தது என்று அவனைவிடத் தெரிந்தவர் யார்? அரசன் சாகும்போது வாரிசு தொலைவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவனே சாட்சி. அதனால் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அவன் இறந்தபோது எந்த ஊரும் எரிந்ததாகச் செய்தி இல்லை. விக்கிரம சோழன் பரகேசரி என்று பட்டம் சூடி, வரிசை தப்பாமல் தொடர்ந்தான். 1126-இல் விக்கிரமாதித்தன் இறந்த பிறகு வேங்கியில் ஒரு பகுதியையும் திரும்ப எடுத்துக்கொண்டான்.

---

கதிர்_மதுரை எழுதியது:

வேங்கி விஷயத்தில் சரி அண்ணா, ஏற்கிறேன். அதிராஜேந்திரன் விஷயத்தில் மட்டும் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. பிரம்மதேசம் கல்வெட்டின் முழு வாசகத்தை யாராவது படித்திருந்தால் இங்கே வரி வரியாகப் போடுங்கள், தனி இழையே தொடங்கிவிடுவோம்.